தட்டு நகருதெண்டா எங்களுக்கேன் தெரியேல்லை?

பனங்கூடல்: மகளுக்கு பூமித்தட்டுகள், அதாவது பூமியின்ர மேலோட்டில இருக்கிற பெரிய பாறைத் துண்டுகள், நகருதெண்டு படிப்பிச்சிருக்கினம், அப்ப யாழ்ப்பாணமும் நகருதோ எண்டு கேக்கிறாள். எனக்குச் சொல்லத் தெரியேல்லை. விளக்கமாச் சொல்லுங்கோ.

கிணத்தடி: ஓம், நகருது. இந்தியத் தட்டோட சேர்ந்து நாங்களும் வருசத்துக்கு கிட்டத்தட்ட 5 சென்ரிமீற்றர் வடகிழக்காப் போறம். யாழ்தேவி ரயிலில இருக்கிற ஆக்கள் எல்லாரும் ஒண்டாப் போற மாதிரித்தான், பக்கத்து ஆள் அசைஞ்சதாத் தெரியாது. நாங்கள் தட்டின்ர ஓரத்தில இல்லை, அதாலதான் பெரிய நிலநடுக்கமும் இங்க குறைவு. இதே தட்டு வடக்கால போய் ஆசியாவோட முட்டித்தான் இமயமலை எழும்பினது, அது இப்பவும் வளருது.

மணற்காடு: ஓரத்தில இல்லையெண்டு நிம்மதியா இருக்கேலாது. சுமாத்திராவுக்குப் பக்கத்தில இந்தியத் தட்டு மற்றத் தட்டுக்குக் கீழ போகுது, போகேக்க இறுகிப் பிடிச்சு கனகாலம் அழுத்தம் சேர்ந்து 2004 மார்கழி 26 ஒரேயடியா விட்டிட்டுது, 9.1 அளவு நிலநடுக்கம், கடலடி மேல எழும்பித் தண்ணியைத் தள்ளினது, அதுதான் சுனாமி. வடமராட்சி கிழக்கில நாங்கள் எத்தினை பேரை இழந்தனாங்கள். மகளுக்கு ஒண்டு சொல்லிக் குடுங்கோ, கடல் திடீரெண்டு உள்வாங்கினா நிண்டு பாக்காமல் ஓடோணும்.

பனங்கூடல்: நன்றி அண்ணை, இப்பவே சொல்லுறன்.