சென்னையில் நேரில் பார்த்த நாடகம், நாட்டியம், கூத்து: மனசை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

கடைசி பஸ்:

சினிமா பார்த்துவிட்டு வந்தால் பத்து பேரிடம் சொல்கிறோம். நாடகம் பார்த்துவிட்டு வந்தால் வீட்டிலேயே "சாப்பிட்டியா?" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அதற்காகத்தான் இதை ஆரம்பிக்கிறேன். இந்த ஊரில் நீங்கள் நேரில் பார்த்த நிகழ்ச்சிகளில் ஒன்றை எழுதுங்கள். பெரிய பேர், சின்னப் பேர் கணக்கு வேண்டாம். "அருமை" என்று ஒற்றை வார்த்தையில் முடிக்காமல், என்ன பார்த்தீர்கள் என்று விவரமாகச் சொல்லுங்கள்.

என்னுடையது கூத்துப்பட்டறை. ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய நாடகக் குழு. புரிசை கண்ணப்பத் தம்பிரானின் தெருக்கூத்தைப் பார்த்து, தமிழில் புது நாடகம் வர வேண்டுமென்றால் அதற்கான வேர் இங்கேதான் இருக்கிறது என்று நம்பியவர் அவர். பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் எல்லாம் அங்கே தேறியவர்கள் என்பது பலருக்கும் தெரியும். நான் போனது சினிமா முகத்தைப் பார்க்க இல்லை. அவர்களுடைய பயிற்சிக் கூடத்திலேயே ஒரு சாயங்காலம். முப்பது நாற்பது பேர் தரையில் உட்கார்ந்திருந்தோம். மேடை இல்லை, திரை இல்லை. நடிப்பவருக்கும் எனக்கும் நடுவே ஒரு பாய் விரிக்கிற இடம்தான்.

ஒரு இளைஞர் மூட்டை தூக்கிக்கொண்டு நடக்கிறார். முதுகில் ஒன்றுமே கிடையாது. ஆனால் முழங்கால் மடங்குவதையும் கழுத்து நரம்பு புடைப்பதையும் பார்த்தால், மூட்டை எத்தனை கிலோ என்றே சொல்லிவிடலாம். பாதி வழியில் அதை இன்னொருவர் தோளுக்கு மாற்றுகிறார். இவர் முதுகு நிமிர்கிற அதே நொடியில் அவர் முதுகு வளைகிறது. வசனம் ஒன்றுகூட இல்லை. என் பக்கத்தில் இருந்த சின்னப் பையன், மூட்டை தன் மேல் இடித்துவிடும் என்று நகர்ந்து வழிவிட்டான்!

இதையே கேமராவில் எடுத்திருந்தால் இரண்டு முதுகில் எதைக் காட்டுவது என்று வேறொருவர் முடிவு செய்திருப்பார். அங்கே அந்த முடிவு என்னுடையது. நான் முதலில் கொடுத்தவரைப் பார்த்தேன். சுமை போன பிறகும் அவர் கொஞ்ச நேரம் சாய்ந்தபடியேதான் நின்றார்.

முத்துசாமி 2018 அக்டோபரில் காலமானார். சினிமாவுக்கு நடிகர்களைக் கொடுத்தவர் என்று மட்டும் அவரைச் சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அவர் முதலில் எழுத்தாளர். 'காலம் காலமாக', 'நாற்காலிக்காரர்' எழுதியவர். அந்த நாடகங்களை யாராவது திரும்பத் திரும்ப மேடையேற்ற வேண்டும். சபாக்காரர்கள், கல்லூரிப் பிள்ளைகள், யார் செய்தாலும் நான் டிக்கெட் வாங்கிக்கொண்டு வருவேன்.

மதிய ஸ்லாட்:

நான் மயிலாப்பூர்வாசி. மார்கழி வந்தால் எல்லோரும் சாயங்கால டிக்கெட்டுக்கு அலைவார்கள். எனக்கு மதியம்தான் பிடிக்கும். பல சபாக்களில் மதிய நிகழ்ச்சிக்கு டிக்கெட்டே கிடையாது. வளர்ந்து வருகிற பிள்ளைகளுக்குக் கொடுக்கிற நேரம் அது. கூட்டம் இருக்காது, நேரே முதல் வரிசைக்குப் போகலாம். ஆடுகிறவர் காலைக் கீழே வைக்கிற சத்தம் மைக் வழியாக வராமல் பலகை வழியாகவே நம்மிடம் வரும்.

அப்படி ஒரு மதியம், இருபது வயது இருக்கும் ஒரு பெண் ஆனந்தபைரவியில் வர்ணம் ஆடினாள். வர்ணம் என்றால் சாதாரணமாகவே அரைமணிக்கு மேல் போகும். ஆடுகிறவரின் கால், முகம், ஞாபகம் மூன்றையும் சேர்த்துச் சோதிக்கிற உருப்படி. முதலில் வருகிற, தாளச் சொற்களை மூன்று வேகங்களில் ஆடுகிற திரிகால ஜதியில், மூன்றாம் காலத்தில் தட்டும்போது சலங்கையிலிருந்து ஒரு மணி தெறித்து மேடை நடுவில் உருண்டு நின்றது. வெறுங்கால். அடுத்த ஜதிக்கு அவள் வந்து நிற்க வேண்டிய இடம் அதேதான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

தாளம் தட்டி ஜதி சொல்லி நட்டுவாங்கம் செய்த அம்மாள் அதைப் பார்த்துவிட்டார். பாடகியைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தார், அவ்வளவுதான். பாடகி, தோழியிடம் நாயகி கெஞ்சுகிற அந்த வரியை முடிக்காமல் மறுபடி எடுத்தார், இன்னொரு விதமாகப் பாடினார், திரும்பவும் எடுத்தார். அந்தப் பெண் புரிந்துகொண்டாள். தலைவனுக்காகப் பூப் பறிக்கிற சஞ்சாரி ஒன்றை, அதாவது பாட்டு வரியை அபிநயத்தில் விரித்துக் காட்டுவதை, செய்தபடியே நடந்து வந்தாள். இங்கே ஒரு பூ, அங்கே ஒரு பூ, கீழே உதிர்ந்து கிடக்கிற ஒரு பூ. குனிந்து மணியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். முகத்தில் ஏக்கம் அப்படியே இருந்தது. பின்வரிசையில் இருந்தவர்களுக்கு அது வர்ணத்தில் உள்ளதுதான் என்று தோன்றியிருக்கும். மிருதங்கக்காரர் மட்டும் சிரித்துவிட்டு, அடுத்த ஜதியில் ஒரு கூடுதல் சொல்லைப் போட்டு அவளைக் கொண்டாடினார்.

இதை நினைக்கும்போதெல்லாம், பாட்டை முன்னாலேயே பதிவு செய்து ஸ்பீக்கரில் போட்டு ஆடுவது பெருகிவிட்டதே என்று மனசு அடித்துக்கொள்கிறது. ஆடுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம், வயலின் அல்லது புல்லாங்குழல் என்று நாலு பேருக்காவது கொடுக்க வேண்டும். வாடகைச் சேலை, மேக்கப், நகை, கார் வேறு. இலவச நிகழ்ச்சியில் இதெல்லாம் பெரும்பாலும் அந்தப் பெண்ணின் குடும்பத்துத் தலையில்தான் விழுகிறது. ஆனால் ஸ்பீக்கர் அவளுக்காகக் காத்திருக்காது. அந்த வரியை மூன்றாவது தடவை எடுத்துக் கொடுக்க ஒரு மனுஷி அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். சபாக்கள் மதிய நேரத்துப் பக்கவாத்தியச் செலவையாவது ஏற்றுக்கொள்ளலாம். நன்கொடை கேட்டால் என்னைப் போன்றவர்கள் கொடுக்கத் தயாராகவே இருக்கிறோம்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. கலாக்ஷேத்ராவின் ராமாயண நாட்டிய நாடகம் ஆறு பகுதிகளையும் ஒரு தடவையாவது பாருங்கள். ருக்மிணி தேவி 1955இல் சீதா சுயம்வரத்தில் தொடங்கி 1970இல் மகா பட்டாபிஷேகத்தில் முடித்தது. மைசூர் வாசுதேவாச்சாரியார் தொண்ணூறு வயதை ஒட்டிய காலத்தில் அதற்கு இசையமைத்தார். அவர் காலமான பிறகு கடைசிப் பகுதிகளை அவருடைய பேரன் எஸ். ராஜாராம் முடித்துக் கொடுத்தார். திருவான்மியூர் மரங்களுக்கு நடுவே அதைப் பார்ப்பது தனி.

செய்யாத்துக்காரன்:

அம்மா, நீங்க சொன்ன அந்த மணி விஷயத்தை ரெண்டு தடவை படிச்சேன். எங்க கூத்திலும் இப்படித்தான். பின்பாட்டுக்காரர் இல்லைன்னா வேஷக்காரர் இல்லை.

நான் வேலைக்காகச் சென்னைக்கு வந்தவன். எங்க பக்கம் பங்குனி, சித்திரை, வைகாசியில் திரௌபதி அம்மன் கோவில்ல பாரதக் கூத்து நடக்கும். ராத்திரி சாப்பாடு முடிஞ்சு மேளக்கட்டு ஆரம்பிச்சா விடியத்தான் முடியும். சென்னை அரங்கத்தில் கர்ணன் சாகிற கதையான கர்ண மோட்சம் போடறாங்கன்னு கேள்விப்பட்டுப் போனேன். ஒண்ணரை மணி நேரம்னு அழைப்பிதழில் போட்டிருந்தது. ஒரு முழு ராத்திரியை ஒண்ணரை மணியில் எப்படி அடைப்பாங்கன்னு யோசனையோடதான் உட்கார்ந்தேன்.

கூத்தில் கதை சொல்லிக் கிண்டலும் பண்ற கட்டியக்காரன் வந்தார். வழக்கம்போல ஜனங்களைப் பார்த்துக் கேள்வி கேட்டார். "என்ன ஊரு இது? மழை உண்டா? சோறு உண்டா?" ஊரில் இதுக்கு நாலு பக்கத்திலிருந்தும் பதில் வரும், கிண்டல் வரும், கிழவிங்க திட்டுவாங்க. இங்கே ஏசி குளிரில் எல்லாரும் மரியாதையா உட்கார்ந்திருந்தாங்க. ஒருத்தரும் வாயைத் திறக்கலை. அவர் மறுபடி கேட்டார். எனக்கே சொல்லணும்னு தொண்டை வரைக்கும் வந்தது.

அப்போ பின்னால கதவுகிட்டேயிருந்து ஒரு குரல்: "மழ ஏது சாமி, கெணறே வத்திப்போச்சு!" அரங்கத்து வாட்ச்மேன். காக்கிச் சட்டை, வயசானவர்.

கட்டியக்காரன் விடுவாரா? "எந்த ஊரு பெரியவரே?"

"வந்தவாசிப் பக்கம்."

"அப்படிச் சொல்லு! இத்தனை பேர் காசு குடுத்து உள்ள குந்தியிருக்காங்க, கதை தெரிஞ்ச ஆளு கதவாண்ட நிக்கிறியே. கர்ணன் எப்ப வருவான்னு நீயே சொல்லு!"

"நீ வாய மூடுனா வருவான்!"

அதுக்கு அப்புறம் அது வேற அரங்கம். முன்வரிசையில் இருந்த பட்டுப்புடவை அம்மாகூடக் கட்டியக்காரனுக்குப் பதில் சொல்ல ஆரம்பிச்சாங்க. ரெண்டு பேர் திரையைப் பிடிச்சாங்க. மேலே கிரீடத்து நுனி தெரியுது, கீழே சலங்கை கட்டிய கால் தெரியுது. நடுவில் கர்ணனோட பாட்டு, முகவீணை, ஆர்மோனியம். திரையை விலக்கிக் கிர்ருன்னு சுழன்று வந்து நின்னார் பாருங்க, கண்ணாடி பதிச்ச புஜக்கட்டை ஸ்பாட் லைட்டில் மின்னி என் முகத்திலேயே வெளிச்சம் அடிச்சது. கர்ணன் பெண்டாட்டி பொன்னுருவி அவர்கூட வாதாடற இடத்தில் என் பக்கத்து சீட் காலேஜ் பொண்ணு கைக்குட்டையை எடுத்தாச்சு.

சுருக்கினது சரியான்னு கேட்டா, எனக்கு மனசு ஒப்பலை. விடிய விடிய விழிச்சிருந்து, உடம்பு ஓய்ஞ்சு, நடுவில் கொஞ்சம் தூங்கி எழுந்து, கிழக்கு வெளுக்கிற நேரத்தில் கர்ணன் தன் தருமத்தையெல்லாம் கிருஷ்ணனுக்குத் தாரை வார்க்கிறதைப் பார்க்கணும். அந்தக் கனம் ஒண்ணரை மணியில் ஏறாது. ஆனா அந்தக் காலேஜ் பொண்ணு விடிய விடிய வந்து உட்கார வழி இல்லையே. இந்தச் சுருக்கமாவது அவளுக்குக் கிடைக்கட்டும்.

மூன்றாம் மணி:

எழும்பூர் மியூசியம் தியேட்டரை யாரும் சொல்லவில்லையே! 1896ஆம் வருஷத்துக் கட்டிடம். அரைவட்டமாகப் படிப்படியாக ஏறுகிற இருக்கைகள். நடிகர் திரும்பி நின்று முணுமுணுத்தால்கூட மேல்வரிசையில் காதில் விழும். 1955இல் ஆரம்பித்த ஆங்கில நாடகக் குழுவான மெட்ராஸ் பிளேயர்ஸ் முதல் நேற்றுத் தொடங்கிய கல்லூரிக் குழு வரை அந்த மேடையில் பார்த்திருக்கிறேன். ஒரு வேண்டுகோள்: விளக்கு அணைந்த பிறகு போனை எடுக்காதீர்கள். இருட்டில் வாயைத் திறக்கப் போகிற நடிகருக்கு முதலில் தெரிவது உங்கள் நீல வெளிச்சம்தான்.

புது வரவு:

படிக்கப் படிக்க ஆசையாக இருக்கிறது. வேலை விஷயமாகச் சென்னைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. எங்கே, எப்போது போனால் பார்க்கலாம்? மார்கழி வரை காத்திருக்க வேண்டுமா?

கடைசி பஸ்:

வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களில் கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸின் கோடை நாடக விழாவைப் பாருங்கள். ஒவ்வொரு நாளும் ஒரு புது நாடகம். சபா நாடகம் என்றால் வெறும் நகைச்சுவைத் துணுக்குகளின் தோரணம் என்று ஒதுக்காதீர்கள். கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்' 1980இல் மேடையேறிய பிறகுதான் சினிமா ஆனது. நுங்கம்பாக்கம் அலியான்ஸ் பிரான்சேயில் வருஷம் முழுக்க ஏதாவது நடக்கும். பெசன்ட் நகரில் நடனக் கலைஞர் சந்திரலேகா வாழ்ந்த 'ஸ்பேசஸ்' வளாகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். பரதத்தின் கால்களையும் கேரளத்துத் தற்காப்புக் கலையான களரியின் உடம்பையும் சேர்த்துப் புதிதாக யோசித்தவர் அவர். அங்கே தரையில் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கும், தளர்வான உடை போட்டுக்கொள்ளுங்கள்.

மதிய ஸ்லாட்:

செய்யாத்துக்காரரே, என் பேத்தி பரதம் கற்றுக்கொள்கிறாள். அவளை முழு ராத்திரிக் கூத்துக்குக் கூட்டி வரலாமா? வயதானவளும் சின்னப் பெண்ணுமாக வந்தால் சிரமம் இருக்குமா?

செய்யாத்துக்காரன்:

தாராளமா வாங்கம்மா. பொம்பளைங்க, குழந்தைங்கதான் முன்னாடி உட்காருவாங்க. முடிஞ்சா அர்ஜுனன் தபசு நடக்கிற அன்னைக்கே வாங்க. உயரமான கம்பத்தில் வேஷத்தோடயே ஏறிப் பாடுவாங்க, பேத்தி மறக்காது. ஆளுக்கு ஒரு போர்வை, விரிக்க ஒரு பாய் போதும். டீக்கடை விடிய விடிய திறந்திருக்கும். பள்ளிக்கூடத்துக்கு மட்டும் மறுநாள் லீவு சொல்லிடுங்க. எங்க ஊர்க் கோவிலில் நாள் குறிச்சதும் இங்கேயே தேதி போடறேன்.