அண்ணனின் ஒன்பதாம் ஆண்டு ஸ்கேன்

அண்ணன்: வியாழக்கிழமை ஸ்கேனுக்கு நான் போகவில்லை. ஒன்பது வருடமாக ஒன்றும் இல்லை என்றுதான் எழுதித் தருகிறார்கள். இன்னும் எதற்கு அந்தக் குழாய்க்குள் போய்ப் படுக்க வேண்டும்?

அண்ணி: நான் சொல்லி ஓய்ந்துவிட்டேன். நீங்களாவது பேசுங்கள்.

தம்பி: கட்டியை முழுவதும் எடுத்துவிட்டதாகத்தானே டாக்டர் சொன்னார்?

நான்: கண்ணுக்குத் தெரிந்த வரை முழுவதும். அண்ணனுக்கு வந்தது தண்டுவடத்தின் அடிநுனியில் வளரும் மிக்சோபாப்பில்லரி எபெண்டிமோமா. மெதுவாக வளரும், பத்து வருடம் கழித்துக்கூடத் தலைகாட்டும். முன்பு முதல் நிலைக் கட்டி என்று வைத்திருந்ததை உலக சுகாதார நிறுவனம் 2021-இல், மீண்டும் வரும் வாய்ப்பு கூடுதலாக உள்ள இரண்டாம் நிலைக்கு மாற்றியது. எடுத்த இடத்தில்தான் வர வேண்டும் என்பதும் இல்லை. தண்டுவட நீரோடு போய் வேறு இடத்திலும் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் இடுப்போடு நிறுத்தாமல் முதுகுத்தண்டு முழுவதையும் படம் எடுக்கிறார்கள்.

அண்ணன்: வந்திருந்தால் எனக்குத் தெரியாதா அம்மா?

நான்: தெரியும்போது நரம்பு நசுங்கத் தொடங்கியிருக்கும் அண்ணா. நரம்பு நன்றாக இருக்கும்போதே செய்கிற அறுவை சிகிச்சைதான் நல்ல பலன் தரும். இழந்த பலம் திரும்பும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

அண்ணி: ஒன்று சொல்கிறேன், கோபிக்காதீர்கள். நேற்று இவருடைய இடது செருப்பு வாசலிலேயே கிடந்தது. ஒற்றைச் செருப்போடு கூடம் வரை வந்துவிட்டார். நான் சொன்ன பிறகுதான் குனிந்து பார்த்தார்.

அண்ணன்: அந்தப் பாதம் அன்றிலிருந்தே மரத்துத்தான் இருக்கிறது.

அண்ணி: மரத்திருந்தது. செருப்பு கழன்றது தெரியாமல் இருந்ததில்லை. குளியலறையிலும் இப்போதெல்லாம் வெகுநேரம் ஆகிறது.

தம்பி: சிறுநீர் கழிக்கச் சிரமமா அண்ணா?

அண்ணன்: முக்க வேண்டியிருக்கிறது. இரண்டு மாதமாக.

நான்: அப்படியானால் வியாழன் வரை காத்திருக்க வேண்டாம். இப்போதே டாக்டரைக் கூப்பிட்டு இந்த இரண்டையும் சொல்லிவிடுங்கள். கட்டிதான் என்று இல்லை. பழைய வடு தண்டுவடத்தை இழுத்துப் பிடித்தாலும் இப்படி ஆகும். எதுவென்று படம் சொல்லிவிடும். தொடை இடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போனாலோ சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ இரவென்றும் பார்க்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

அண்ணன்: மறுபடி கத்தி வைப்பார்கள் என்று பயமாக இருக்கிறது. அதனால்தான் சொல்லவில்லை.

தம்பி: நான் கூட வருகிறேன் அண்ணா. ஸ்கேன் முடியும் வரை கதவுக்கு வெளியிலேயே இருப்பேன்.

நான்: பழைய படங்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். போன வருடத்துப் படத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் சிறிய மாற்றம் தப்பிவிடும். முதல் வருடத்துப் படத்தோடும் ஒப்பிட வேண்டும்.

அண்ணன்: பீரோவின் மேல்தட்டில் நீலப் பையில் இருக்கின்றன. டாக்டருக்கு இப்போதே போன் செய்கிறேன்.