பழைய நிக்கார் 24 மி.மீ. + சோனி ஏ7 மார்க் 2: வலது ஓரம் குழைகிறது, முடிவிலி இடம் மாறியிருக்கிறது. உதவி தேவை

பர்கூர்க்காரன்
வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லச்சந்திரத்தில் உள்ள கல்திட்டைகளை (பலகைக்கற்களால் அமைத்த பழங்கால ஈமச் சின்னங்கள்) ஓய்வு நாட்களில் படமெடுத்துப் பதிவு செய்து வருகிறேன். அங்கே பின்னால் நகர இடமே கிடையாது. கால் வைத்தால் முட்செடி, இல்லாவிட்டால் சரிந்து கிடக்கும் பலகைக்கல். அகலக்கோண லென்ஸ் இல்லாமல் ஒரு திட்டை முழுதாகச் சட்டத்துக்குள் வராது. புதிய லென்ஸின் விலையைக் கேட்டுவிட்டு, நிக்கான் நிறுவனத்தின் பழைய கைமுறை ஃபோகஸ் லென்ஸான நிக்கார் 24 மி.மீ. எஃப் 2.8 ஏஐ ஒன்றையும், அதைச் சோனியில் மாட்ட மலிவான அடாப்டர் ஒன்றையும் வாங்கினேன்.

துவாரத்தை முழுதாகத் திறந்து எஃப் 2.8இல் எடுத்தால் வலது ஓரம் குழைந்து தெரிகிறது, இடது ஓரம் தேவலாம். துவாரத்தைச் சுருக்கி எஃப் 8க்குப் போனால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன. ஆனால் தூரக் காட்சியில் நான்கு மூலைகளும் மசமசவென்றே இருக்கின்றன. ஃபோகஸ் வளையத்தை முடிவிலிக் குறியில் (வெகு தூரத்துக்கானது) வைத்தால் கிருஷ்ணகிரிக் கோட்டை மலை மங்கலாகிறது. 3 மீட்டர் குறிக்குத் திருப்பினால்தான் தெளிகிறது. இது போதாதென்று, திட்டையின் உள்ளிருந்து இடுதுளையை (பலகைக்கல்லில் குடைந்த துளை) பார்த்து எடுத்தால் படத்தின் நடுவில் வெண்புகை போல ஒரு வட்டம். லென்ஸில் பூஞ்சை இல்லை, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டேன். விற்றவரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாமா?

ஒகேனக்கல் பரிசல்
திருப்பிக் கொடுங்கள் தம்பி. ஃபிலிமுக்காகச் செய்த அகலக்கோண லென்ஸ் டிஜிட்டலுக்கு ஆகாது. சென்சாரின் முன்னால் கண்ணாடித் தகடு இருக்கிறது. ஓரத்துக்குச் சாய்வாக வரும் ஒளி அதில் புகுந்து சிதறிவிடும். என் பழைய சோவியத் லென்ஸான ஜூபிட்டர்-12ஐ சோனி ஏ7இல் மாட்டி அருவிக்கரையில் எடுத்தேன். மூலைகள் கரைந்து போயின, ஓரத்துப் பாறையெல்லாம் ஊதா பூத்தது.

பழைய கண்ணாடி, தர்மபுரி
பரிசல் ஐயா சொல்லும் நோய் உண்மை, ஆள்தான் வேறு. ஜூபிட்டர்-12 ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்காகப் பிறந்தது, ஸைஸ் நிறுவனத்தின் பழைய பயோகான் லென்ஸின் வழிவந்தது. அந்தக் கேமராவில் தூக்கி இறக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லை என்பதால், லென்ஸின் பின்புறக் குமிழ் ஃபிலிமை உரசுகிற அளவுக்கு உள்ளே போகலாம். அவ்வளவு அருகிலிருந்து மூலைக்குப் போகும் ஒளி மிகவும் சாய்ந்துதான் விழும். ஃபிலிம் அதைப் பொறுத்துக்கொள்ளும்; சென்சாரும் அதன் மேல் தகடும் பொறுக்காது.

தம்பியின் நிக்கார் போன்ற எஸ்எல்ஆர் கேமரா லென்ஸின் கதை வேறு. நடுவில் ஆடுகிற பிரதிபலிப்புக் கண்ணாடிக்கு இடம் விட்டே ஆக வேண்டும். நிக்கான் எஃப் மவுண்ட்டில் லென்ஸ் அமரும் இடத்திலிருந்து ஃபிலிம் வரை 46.5 மி.மீ. இருக்கிறது. 24 மி.மீ. லென்ஸ் அவ்வளவு தள்ளி நின்று படம் விழச் செய்ய, முன்னால் பெரிய குழிக் கண்ணாடி வைத்து ரெட்ரோஃபோகஸ் முறையில் செய்தார்கள். பிரான்சின் ஆஞ்செனியூ 1950இல் 35 மி.மீ. லென்ஸில் இதைச் செய்து காட்டியது. பிறகு எல்லோரும் அந்த வழியில் வந்தார்கள். இவ்வகை லென்ஸில் ஒளி ஓரளவு நிமிர்ந்தே சென்சாரில் விழுகிறது. பர்கூர்த் தம்பி ஊதா நிறம் பற்றி எதுவும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அதுவே போதுமான சாட்சி.

நான் சந்தேகப்படுவது அடாப்டரை.

ஓசூர் டூல்ரூம்
நானும் அதையே சொல்ல வந்தேன். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சோனி இ மவுண்ட்டின் தூரம் 18 மி.மீ. எனவே அடாப்டரின் தடிமன் 46.5இல் 18 போக, 28.5 மி.மீ. இருக்க வேண்டும். மலிவான அடாப்டர்களை வேண்டுமென்றே சற்று மெலிதாகக் கடைகிறார்கள். தடித்துவிட்டால் முடிவிலியே எட்டாது, வாங்கியவர் சண்டைக்கு வருவார். மெலிந்தால் வளையம் கொஞ்சம் முன்னதாகவே முடிவிலிக்கு வந்துவிடும், பெரும்பாலானோருக்குத் தெரியாமலே போய்விடும்.

எவ்வளவு மெலிவு என்பதை வளையமே சொல்லும். லென்ஸின் குவியத் தூரத்தின் (இங்கே 24 மி.மீ.) வர்க்கத்தை, மலை தெளிகிற குறியின் தூரத்தால் வகுக்க வேண்டும். 24 பெருக்கல் 24, 576. குறி 3 மீட்டர், அதாவது 3,000 மி.மீ. விடை சுமார் 0.19. ஆக உங்கள் அடாப்டரில் ஏறக்குறைய 0.2 மி.மீ. குறைகிறது. 50 மி.மீ. லென்ஸில் இதே குறை 12.5 மீட்டர் குறியில் தெரியும், பெரிதாக யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். அகலக்கோணத்தில்தான் இது தலைவிரித்தாடும்.

பர்கூர் தம்பி, பக்கத்தில் லேத் பட்டறை இருந்தால் வெர்னியர் (நுண்ணளவு அளக்கும் கருவி) கேட்டு வாங்கி அடாப்டரை நான்கு திசையிலும் அளந்து எழுதுங்கள்.

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். மெலிந்திருந்தால் என்ன? வளையத்தை 3 மீட்டரில் வைத்துக்கொண்டு எடுக்க வேண்டியதுதானே?

பழைய கண்ணாடி, தர்மபுரி
வேறு லென்ஸாக இருந்தால் அப்படியே விட்டுவிடலாம். இந்த 24 மி.மீ. 1967இல் வெளிவந்தபோதே உள்ளே தனியாக நகரும் கண்ணாடிக் கூட்டம் வைத்த வடிவம். நிக்கான் அதை சிஆர்சி என்று அழைத்தது. கிட்டத்தில் ஃபோகஸ் செய்யும்போது மூலைகள் கெடாமலிருக்க, வளையம் திரும்பத் திரும்ப உள்ளே இடைவெளி மாறுகிறது. அடாப்டர் மெலிந்தால், தூரத்து மலையைப் பார்க்கும்போது லென்ஸ் தான் 3 மீட்டரில் இருப்பதாக நினைத்து அதற்கேற்ப இடைவெளியை வைத்துக்கொள்ளும். நடுப்பகுதி தப்பிக்கும், மூலை தப்பிக்காது.

பர்கூர்க்காரன்
அண்ணா, அளந்துவிட்டேன். மூன்று இடத்தில் 28.30, வலப்பக்கம் மட்டும் 28.22. பட்டறைக்காரர் வெர்னியரை வாங்கி மறுபடியும் அளந்து, "இதையா காசு கொடுத்து வாங்கினாய்?" என்றார்.

ஓசூர் டூல்ரூம்
வலது ஓரத்தின் குழப்பமும் தீர்ந்தது. 0.08 மி.மீ. சாய்வு எஃப் 2.8இல் கண்ணுக்குத் தெரியும், எஃப் 8இல் குவிய ஆழத்துக்குள் மறைந்துவிடும். நீங்கள் முதலில் சொன்னதும் அதுதான். ஆனாலும் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். எஃப் 2.8இல் வலது ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, அந்த ஓரத்துக்கே ஃபோகஸ் செய்யுங்கள். அது தெளிந்து இடது ஓரம் குழைந்தால் சாய்வு. எப்படித் திருப்பினாலும் தெளியவில்லையென்றால் லென்ஸுக்குள் ஏதோ கண்ணாடி மையம் விலகியிருக்கிறது. அப்போது திருப்பிக் கொடுங்கள், நான் தடுக்கமாட்டேன்.

பர்கூர்க்காரன்
வலது தெளிந்தது, இடது போனது.

ஓசூர் டூல்ரூம்
நல்லது. அடாப்டரில் லென்ஸ் அமரும் வளையத்தைப் பிடித்திருக்கும் நான்கு சிறு திருகுகளைக் கழற்றுங்கள். பொருத்தமான திருப்புளி இல்லாமல் கை வைக்காதீர்கள், தலை தேய்ந்தால் பிறகு துளைதான் போட வேண்டும். வளையத்தின் அடியில் 0.15 மி.மீ. பித்தளை ஷிம் தகட்டை (இடைவெளி நிரப்பும் மெல்லிய தகடு) வளைய வடிவில் வெட்டி வையுங்கள். இயந்திர உதிரிபாகக் கடையில் கேட்டால் தகடாகக் கிடைக்கும். வலப்பக்கத்தில் மட்டும் சமையலறை அலுமினியத் தாளை மடித்து, 0.08 வரும்வரை வெர்னியரில் வைத்துப் பார்த்துச் செருகுங்கள். முழு 0.20ஐயும் நிரப்பாதீர்கள். 0.05 மிச்சமிருந்தால் முடிவிலி 11, 12 மீட்டர் வாக்கில் வரும். வெயிலில் உலோகம் விரிந்தாலும் மலை கைநழுவாது.

பழைய கண்ணாடி, தர்மபுரி
கழற்றும்போதே அந்த வெண்புகை வட்டத்தையும் பார்த்துவிடலாம். அடாப்டரின் உட்சுவர் கறுப்பாகத்தான் இருக்கும், ஆனால் ஜன்னலை நோக்கிச் சாய்த்தால் பளபளக்கும். இருட்டறையிலிருந்து வெளிச்சத் துளையைப் பார்க்கும்போது அந்தப் பளபளப்பு சென்சாரின் நடுவில் போய் விழுகிறது. பின்பக்கம் பசையுள்ள கறுப்பு வெல்வெட் துணியை உட்சுவரில் ஒட்டுங்கள். ஒட்டிய பிறகு செல்லோ டேப்பால் ஒற்றியெடுத்து உதிரும் நூலை நீக்குங்கள், இல்லாவிட்டால் அது நேராகச் சென்சாருக்குத்தான் போகும்.

பர்கூர்க்காரன்
எல்லாம் செய்து மறுபடியும் மல்லச்சந்திரம் போய்வந்தேன். இடது, வலது வேறுபாடு இப்போது எஃப் 2.8இலும் தெரியவில்லை. இடுதுளையின் விளிம்பில் உளி பட்ட கொத்தல்கள் வரிவரியாகத் தெரிகின்றன, முன்பு அந்த இடத்தில் புகைதான் இருந்தது. தூரக் காட்சியில் மூலைகள் தேறியிருக்கின்றன, ஆனால் எஃப் 8க்கு மேலேதான் திருப்தி.

இன்னும் இரண்டு கேள்வி. கையில் பிடித்து எடுக்கும்போது சில படங்கள் ஆடியது போல வருகின்றன, கேமராவில் நடுக்கத் தடுப்பு இயங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அடுத்து, எந்தத் தூரத்திலிருந்து எந்தத் தூரம் வரை தெளிவு என்று காட்டும், லென்ஸ் மேலுள்ள ஆழக் கோடுகளை இனி நம்பலாமா?

பழைய கண்ணாடி, தர்மபுரி
மூலைக்கு எஃப் 8 என்பது அந்த லென்ஸின் குணம். ஷிம் வைத்து அதை மாற்ற முடியாது.

நடுக்கத் தடுப்பு அமைப்பைத் தானியங்கியிலிருந்து கைமுறைக்கு மாற்றி, குவியத் தூரம் 24 என்று பதியுங்கள். பழைய லென்ஸ் தன் பெயரைக் கேமராவுக்குச் சொல்லாது. முன்பு 50 மி.மீ. லென்ஸுக்காகப் பதிந்த எண் அப்படியே இருந்தால், தடுப்பு தேவைக்கு மேல் அசைந்து படத்தைக் கெடுக்கும்.

ஓசூர் டூல்ரூம்
ஆழக் கோடுகள் ஃபிலிம் காலத்துச் சிறிய பிரதிக்கானவை. 24 மெகாபிக்சலைத் திரையில் முழு அளவில் பார்ப்பவருக்கு அவை தாராளம். எஃப் 8இல் எடுக்கும்போது எஃப் 4 கோடுகளைப் பாருங்கள். திட்டையின் முகப்பு முக்கியமென்றால் கோட்டை மறந்துவிட்டு, திரையைப் பெரிதாக்கி முகப்புக்கே ஃபோகஸ் செய்யுங்கள். விளிம்பில் வண்ணம் காட்டும் பீக்கிங்கை நம்பாதீர்கள். அகலக்கோணத்தில் அது முன்னும் பின்னும் எல்லாமே தெளிவு என்று காட்டும்.

ஒகேனக்கல் பரிசல்
என் ஜூபிட்டருக்கும் ஷிம் வைக்கலாமா?

பழைய கண்ணாடி, தர்மபுரி
பயனில்லை ஐயா. அதைக் கறுப்பு வெள்ளையில் பயன்படுத்துங்கள், ஊதாவாவது தெரியாது.