ரா + ஜேபெக் ஜோடிக்கு இருப்பிடம்: எந்தக் கோப்பில் எழுதுவது?

மழைக்குருவி:
நான் எப்போதும் ரா (கேமராவின் மூலப் பதிவு), ஜேபெக் (சுருக்கிய சாதாரணப் படம்) இரண்டும் சேர்த்தே எடுப்பவன். போன வாரம் மலையேறப் போனதில் மட்டும் 640 ஜோடி. வழி முழுக்கப் போனில் ஜிபிஎக்ஸ் தடம், அதாவது எந்த நேரம் எங்கே நின்றேன் என்ற கணக்கு, பதிவாகியிருந்தது. கேமரா கடிகாரம் ஒரு மணி நேரம் பின்தங்கி ஓடியிருக்கிறது, அதை லைட்ரூம் கிளாசிக் என்ற பட மென்பொருளில் திருத்தி, தடத்தோடு பொருத்தி, மெட்டாடேட்டாவை (நேரம், இடம் போன்ற விவரங்களை) கோப்பில் சேமித்தேன். அங்கே எல்லாம் சரியான இடத்தில் நிற்கிறது. ஆனால் ஜேபெக்குகளைப் போனில் ஏற்றினால் ஒன்றுக்கும் இருப்பிடம் இல்லை. சரி, இதற்கு மட்டும் தனியாகச் செய்வோம் என்று வேறொரு செயலியில் அதே தடத்தைக் கொடுத்தேன். இப்போது ரா உச்சியில் நிற்கிறது, அதே படத்தின் ஜேபெக் அடிவாரப் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறது! என்ன தப்பு செய்தேன்?

பழைய_லென்ஸ்:
இரண்டு தப்பு. லைட்ரூமில் ‘ரா பக்கத்தில் இருக்கும் ஜேபெக்கைத் தனிப் படமாகக் கொள்’ என்று ஒரு தேர்வு இருக்கிறது. அது அணைந்திருந்தால் ஜேபெக் ராவுக்கு ஒட்டுத்துணை மட்டும்தான்: நகர்த்தினால் கூடவே வரும், பெயர் மாற்றினால் மாறும், ஆனால் உள்ளே எதுவும் எழுதப்படாது. அதனால் நீங்கள் திருத்திய நேரமும் ஜேபெக்குக்குப் போய்ச் சேரவில்லை. பழைய நேரத்தோடு தடத்தில் தேடினால், ஒரு மணி நேரம் முன்னால் நீங்கள் எங்கே நின்றீர்களோ அங்கேதான் கொண்டுபோய் வைக்கும். செயலி மேல் பழி இல்லை.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், ராவுக்குள் எதையும் எழுதாதீர்கள். ராவின் பக்கத்தில் விவரங்களை மட்டும் வைக்கும் எக்ஸ்எம்பி துணைக்கோப்பு போதும்.

திசைகாட்டி:
முதல் பத்தி முழுக்கச் சரி. கடைசி வரிதான் எனக்கு ஒத்துவராது. துணைக்கோப்பை நம்பி நான் கையைச் சுட்டுக்கொண்டவன். வட்டு மாற்றும்போது ராவை மட்டும் நகலெடுத்துவிட்டு எக்ஸ்எம்பியை விட்டுவிட்டேன், இரண்டு வருட இருப்பிடம் போயே போச்சு. இன்னொரு தலைவலி பெயர். 2041.சிஆர்3 என்ற ராவுக்கு லைட்ரூம் எழுதுவது 2041.எக்ஸ்எம்பி, டார்க்டேபிள் என்ற இன்னொரு பட மென்பொருள் எழுதுவது 2041.சிஆர்3.எக்ஸ்எம்பி. ஒரே ராவுக்கு இரண்டு துணை, இரண்டிலும் வேறு வேறு இடம் இருந்தால் எதை நம்புவது? மெட்டாடேட்டா எழுதும் எக்ஸிஃப்டூல் என்ற கருவியை வைத்து ராவிலும் ஜேபெக்கிலும் நேராக எழுதிவிடுங்கள். அது தானாகவே பழைய கோப்பை ‘ஒரிஜினல்’ என்ற வாலோடு பக்கத்தில் வைத்துவிடும், பயமே வேண்டாம்.

பழைய_லென்ஸ்:
நகலெடுக்கத் தெரியாதது துணைக்கோப்பின் குற்றமா, அண்ணே? டார்க்டேபிளும் முதல் தடவை உள்ளே எடுக்கும்போது லைட்ரூமின் எக்ஸ்எம்பியில் இருக்கும் இருப்பிடத்தைப் படித்துக்கொள்ளும். அதற்கப்புறம் லைட்ரூமில் மாற்றினால் தெரியாது, அதை ஒத்துக்கொள்கிறேன்.

ராவைத் தொடாதே என்று நான் சொல்வது சாஸ்திரத்துக்காக இல்லை. பெரும்பாலான ரா வடிவங்களை அந்தந்தக் கேமரா நிறுவனம் வெளியே சொல்வதில்லை. உள்ளே ‘இந்தத் தகவல் இத்தனையாவது பைட்டில்’ என்று முகவரிகள் இருக்கும், கவனமில்லாத மென்பொருள் நடுவில் எதையாவது செருகினால் அந்த முகவரிகள் எல்லாம் இடம் தவறும். எக்ஸிஃப்டூல் கவனமாகச் செய்கிறது, எல்லாச் செயலியும் செய்யுமா? அப்புறம் காப்புப் பிரதி. ஒரு ரா 30 எம்பி என்று வைத்தாலும் 640 கோப்பு கிட்டத்தட்ட 19 ஜிபி. பத்து எழுத்து இருப்பிடத்துக்காக அத்தனையும் மறுபடி மேலேற வேண்டும். செக்சம் (கோப்பு மாறியதா என்று காட்டும் எண்) வைத்துச் சரிபார்ப்பவருக்கு எல்லாக் கோப்பும் மாறியதாகத் தெரியும், நிஜமாகவே கெட்டுப்போன ஒன்றை அந்தக் கூட்டத்தில் எப்படிக் கண்டுபிடிப்பார்?

அரைக்கண்:
ராவுக்குள்ளேயே ஒரு ஜேபெக் முன்னோட்டம் இருக்கிறதே, தனியாக ஜேபெக் எதற்கு? ஜோடியே இல்லையென்றால் சண்டையும் இல்லை.

திசைகாட்டி:
தலைவலிக்குத் தலையை வெட்டச் சொல்கிறார். முன்னோட்டத்தை எல்லாக் கேமராவும் முழு அளவில் வைப்பதில்லை, போனிலிருந்து அப்படியே அனுப்பவும் முடியாது.

பழைய லென்ஸ் சொன்ன காப்புப் பிரதிக் கணக்கு நியாயம்தான், ஆனால் நான் இருப்பிடம் எழுதிய பிறகுதான் முதல் பிரதியே எடுப்பேன்.

பழைய_லென்ஸ்:
அதுவரை கார்டில் ஒரே ஒரு பிரதியா? நல்ல தைரியம்.

மழைக்குருவி:
ஜேபெக்குக்குள் எழுதினால் தரம் குறையாதா? இன்னொன்று, இப்போது கெட்டுப்போயிருப்பதை எப்படிச் சரிசெய்வது?

திசைகாட்டி:
குறையாது. இருப்பிடம் ஜேபெக்குக்குள் எக்ஸிஃப் என்ற விவரப் பகுதியில் போய் உட்காரும், படத்தை மறுபடி சுருக்குவதில்லை. ஆனால் திறந்து ‘சேமி’ கொடுக்கும் பட எடிட்டரில் செய்யாதீர்கள், அது வேறு கதை.

சரிசெய்ய, ஜேபெக்கைத் தடத்தோடு மறுபடி பொருத்தாதீர்கள். தடத்தோடு பொருத்துவது ஒரே தடவை, ஒரே கோப்பில். அது உங்களுக்கு ராவின் துணைக்கோப்பில் ஏற்கெனவே சரியாக இருக்கிறது. அங்கிருந்து கோப்பு எண் பார்த்து ஜோடி ஜேபெக்குக்கு நகலெடுங்கள், எக்ஸிஃப்டூலில் ‘டேக்ஸ்ஃப்ரம்ஃபைல்’ அதற்குத்தான். எடுத்த நேரத்தையும் சேர்த்தே நகலெடுங்கள், இல்லாவிட்டால் வரிசை மாறும். ஒரே கோப்புறைக்குள் மட்டும் செய்யுங்கள், கேமரா எண் 9999 தாண்டியதும் மறுபடி 0001 வரும், வேறு பயணத்தின் 2041 வந்து ஒட்டிக்கொள்ளும்.

பழைய_லென்ஸ்:
இதில் ஒரு குழி. எக்ஸ்எம்பியில் வடக்கா தெற்கா என்பது அட்சரேகை எண்ணோடு சேர்ந்தே இருக்கும், எக்ஸிஃப்பில் அதற்குத் தனி டேக் (விவரக் கட்டம்). எண்ணை மட்டும் நகலெடுத்தால் தெற்கு அரைக்கோளத்தில் எடுத்தது பூமத்திய ரேகைக்கு அந்தப்பக்கம் போய் விழும். நகலெடுத்ததும் ஒரு படத்தை வரைபடத்தில் பாருங்கள்.

அப்புறம், வீட்டில் எடுத்த ஜேபெக்குகளுக்கு இருப்பிடம் வேண்டாம். ஊருக்கு அனுப்பும் கோப்பு அதுதான், வாசற்படி வரை வழி சொல்லும்.

திசைகாட்டி:
இதில் மட்டும் உங்களோடு சண்டை இல்லை.

மழைக்குருவி:
செய்துவிட்டேன். ராவைத் தொடவில்லை, துணைக்கோப்பிலிருந்து ஜேபெக்குக்கு இடமும் நேரமும் நகலெடுத்தேன். 640 ஜேபெக்கில் 637 அதனதன் ராவோடு ஒரே புள்ளியில். மீதி மூன்றில் ஜேபெக் மட்டும் இருக்கிறது, ராவை நானே கேமராவில் அழித்திருக்கிறேன் போல, அதனால் அவை இன்னும் பேருந்து நிறுத்தத்தில்தான் நிற்கின்றன. கையால் நகர்த்த வேண்டும்.

திசைகாட்டி:
மூன்றுக்கும் நேரத்திலும் ஒரு மணி கூட்டுங்கள். 637 துணைக்கோப்பையும் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று மறக்காமல் இருந்தால் சரி.