புதுப்பிப்பு: 31 அங்குல டிராவுக்கு 70 அங்குல வில்
போன முறை கேட்டது இதுதான்: என் டிரா நீளம் (நாணை முழுசாக இழுக்கும் தூரம்) 31 அங்குலம், கையில் இருந்தது 68 அங்குல ரீகர்வ் (நுனிகள் முன்பக்கம் வளைந்த வில்). கடைசி இரண்டு அங்குலத்தில் எடை (நாணை இழுக்கத் தேவையான விசை) சட்டென்று ஏறுகிறது, நாண் விரல்களை நெருக்குகிறது. 70-க்கு மாறலாமா?

மாறிவிட்டேன். ரைசர் (வில்லின் நடுவில் உள்ள கைப்பிடிப் பகுதி) அதே 25 அங்குலம்தான். மீடியம் லிம்பை (ரைசரின் மேலும் கீழும் மாட்டும் வளையும் பகுதி) கழற்றிவிட்டு லாங் லிம்ப் போட்டேன், கூடவே நீளமான நாண். முதல் நாளே விரலில் வித்தியாசம் தெரிந்தது. வில் நீண்டதால் முழு இழுப்பில் நாணின் கோணம் விரிகிறது. மோதிர விரல் நழுவுவது நின்றேவிட்டது. கிளிக்கர் (முழு இழுப்பு வந்ததும் ‘கிளிக்’ என்று ஒலிக்கும் சிறு தகடு) விழும்வரை இழுப்பு சீராகப் போகிறது, அதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம்.

லிம்ப் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அதில் எழுதியிருக்கும் எடை 28 அங்குல டிராவுக்கு உரியது. அதற்கு மேல் அங்குலத்துக்குச் சுமார் 2 பவுண்டு கூடும். 34 என்று போட்ட லிம்ப் என் கையில் ஏறக்குறைய 40. நீளமாக இழுப்பவர்கள் குறைந்த எடையிலேயே தொடங்குங்கள், தோள் பத்திரம்.

டிரா 32 அங்குலத்தைத் தாண்டுபவர்கள் 27 அங்குல ரைசரோடு லாங் லிம்ப் சேர்த்து 72 அங்குல வில் பார்க்கலாம்.

அப்புறம், அம்புகளை மாற்றிய வில்லுக்கு ஏற்றபடி மறுபடி ட்யூன் செய்ய வேண்டியிருந்தது. பிரேஸ் ஹைட்டை (இழுக்காதபோது நாணுக்கும் கைப்பிடிக்கும் உள்ள தூரம்) இன்னும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பார்க்கிறேன்.