ஓட்டுப் போடப் போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். தப்பா?

மாம்பலத்தான்:
மேற்கு மாம்பலத்துல இருக்கேன். வயசு 41. அடுத்த வருஷம், 2026-ல, சட்டமன்றத் தேர்தல், வீட்ல இப்பவே பேச்சு ஆரம்பிச்சாச்சு. நான் போகப் போறதில்ல. 2022 மாநகராட்சித் தேர்தலுக்கும் போகல, 2024 மக்களவைக்கும் போகல. சோம்பேறித்தனம்னு சொல்லிடாதீங்க, காரணத்தைச் சொல்றேன்.

2021 ஏப்ரல்ல அம்மாவை ஆட்டோவுல கூட்டிட்டுப் போய், ரெண்டு பேரும் போட்டோம். நவம்பர்ல மழை. தி.நகரே மிதந்தது ஞாபகம் இருக்கும். எங்க தரைத்தளத்துல முழங்கால் வரைக்கும் தண்ணி, சாக்கடையும் சேர்ந்து. கட்டில் கால் ஒவ்வொண்ணுக்கும் கீழ மூணு மூணு செங்கல் வெச்சு அம்மாவை மேல உட்கார வெச்சேன். ராத்திரி பூரா ஃபிரிட்ஜ் மிதந்து வந்து கதவுல மோதிக்கிட்டே இருந்தது. ஓட்டுக் கேட்டு வந்தப்ப நம்பர் குடுத்துட்டுப் போனவங்கள்ல ஒருத்தர்கூட போனை எடுக்கல. மூணாம் நாள் மோட்டார் கொண்டுவந்து தண்ணியை இறைச்சவர் பக்கத்துத் தெரு இஸ்திரிக்காரர். யாரு வந்தாலும் தண்ணி வரும்னா, நான் எதுக்கு வெயில்ல நிக்கணும்?

கொளத்தூர்க்காரி:
சார், படிக்கவே கஷ்டமா இருக்கு. ஆனா நீங்க போட்ட அதே தேர்தல்ல உங்க தி.நகர் தொகுதி 137 ஓட்டு வித்தியாசத்துலதான் முடிவாச்சு. ஒரு பெரிய அப்பார்ட்மென்ட்ல இருக்கிற ஜனம்கூட இல்ல. உங்க ஓட்டு அன்னிக்கு எவ்வளவு கனமா இருந்ததுன்னு பாருங்க.

மாம்பலத்தான்:
அந்த 137 ஜெயிச்சவருக்கும் தோத்தவருக்கும் பெரிய கணக்கு. அது மாறி விழுந்திருந்தா எங்க வீட்டுக்குள்ள தண்ணி வராம இருந்திருக்குமா, அதைச் சொல்லுங்க.

கொளத்தூர்க்காரி:
மழைநீர் வடிகால் மாநகராட்சியோட வேலை. அந்த நவம்பர்ல உங்க வார்டுக்குக் கவுன்சிலரே கிடையாது சார். 2016 அக்டோபர்ல பழைய மன்றம் முடிஞ்சது. அதுக்கப்புறம் அஞ்சு வருஷத்துக்கு மேல சென்னை முழுக்க ஒரு கவுன்சிலர் இல்ல, தனி அலுவலரை வெச்சுத்தான் ஓட்டினாங்க. நீங்க கூப்பிட்டிருக்க வேண்டிய ஆள் அப்ப இல்லவே இல்ல. தண்ணி வடிஞ்சு மூணு மாசத்துல, 2022 பிப்ரவரி 19-ல, 200 வார்டுக்கும் அந்த ஆளைத் தேர்ந்தெடுக்கிற நாள் வந்தது. தமிழ்நாடு மொத்தத்துல 60 சதவீதம் போல ஓட்டு விழுந்தது, சென்னையில 43-ஐக் கொஞ்சம் தாண்டுச்சு. அவ்வளவு தண்ணி பார்த்த ஊரு! அதுலயும் நீங்க போகலைங்கறீங்க, எனக்கு மனசு ஆறல.

மாம்பலத்தான்:
தேர்தலே வைக்காம இழுத்தடிச்சது நானா? அஞ்சு வருஷம் என் ஓட்டு யாருக்கும் தேவைப்படல. அப்புறம் ஒருநாள் வந்து கடமைன்னா எப்படிங்க?

நந்தனம் 35:
நான் சார் பக்கம். நீங்களும் நானும் யோசிச்சுப் போடற ஒரு ஓட்டுக்கு, காசு வாங்கிட்டுப் போடற நூறு ஓட்டு எதிர்ல நிக்குது. 2017 ஏப்ரல்ல ஆர்.கே. நகர் இடைத்தேர்தலையே பணப் பட்டுவாடாவால ரத்து பண்ணினாங்க. வடசென்னை பக்கம் நிலைமை அதான். நம்ம ஓட்டுக்கு அங்க என்ன மதிப்பு?

கண்ணகி நகர் தம்பி:
இத மட்டும் சொல்லாதீங்கண்ணா. காசு குடுத்தவன் யாருன்னு கேக்காம, வாங்கினவன் ஊரை மட்டும் ஏன் சொல்றீங்க? நான் சின்னப் பையனா இருக்கும்போது எங்களைக் கூவம் கரையிலேர்ந்து தூக்கி இங்க கொண்டாந்து விட்டாங்க. ரொம்ப வருஷம் பேரு பழைய இடத்துப் பட்டியல்லதான் இருந்துச்சு. எங்கப்பா கட்டட வேலை. தேர்தல் அன்னிக்கு விடியறதுக்குள்ள கிளம்பி ரெண்டு பஸ்ஸு மாறிப் போயி போட்டுட்டு வருவாரு. அன்னிக்குக் கூலி கிடையாது. அவரு யாருகிட்டயும் பத்து பைசா வாங்கினதில்ல. நாங்க வித்துட்டோம்னு சொல்றவங்க வீட்லேர்ந்து பூத்து நாலு தெரு தள்ளி, அப்பவும் அவங்க வர்றதில்ல.

தேர்தல் பணி டீச்சர்:
தம்பி, தேர்தல் நாளில் கூலியோடு விடுப்புத் தர வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 135பி என்ற பிரிவே இருக்கிறது. தினக்கூலிக்கும் பொருந்தும்.

கண்ணகி நகர் தம்பி:
இருக்கலாம் டீச்சர். அதை மேஸ்திரிகிட்ட சொன்னா மறுநாள் வேலைக்கு வராதன்னுடுவாரு.

தேர்தல் பணி டீச்சர்:
நீங்கள் சொல்வதுதான் நடப்பு. அதை மறுக்க என்னிடம் பதில் இல்லை.

மாம்பலத்துச் சாருக்கு, நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். பல தேர்தல்களில் பூத் பணி செய்திருக்கிறேன். முதல் மேசையில் உட்காருபவரிடம் வாக்காளர் பட்டியலின் பிரதி இருக்கும். ஆள் வந்து பெயர் சொன்னதும், அந்தப் பெயரின் மேல் சிவப்பு மையில் கோடு விழும். பின்னால் வரிசையாக உட்கார்ந்திருக்கும் கட்சி ஏஜென்ட்களிடமும் அதே பட்டியல் உண்டு. அவர்களும் குறித்துக்கொள்வார்கள். யாருக்குப் போட்டீர்கள் என்பது யாருக்கும் தெரியாது. வந்தீர்களா இல்லையா என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஒருமுறை தென்சென்னையில் பணி. மாலை ஐந்து மணிக்குப் பக்கங்களைப் புரட்டினேன். குடிசைப் பகுதிப் பக்கங்கள் சிவந்து கிடந்தன. அடுக்குமாடித் தெருக்கள் ஒன்றிரண்டில் பக்கத்துக்கு நாலைந்து கோடுதான். எனக்குப் பின்னால் இருந்த ஏஜென்ட் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "இந்தத் தெருவை விட்டுடு" என்று போனில் சொன்னார். அன்றைக்கு ஆள் அனுப்பிக் கூப்பிடுவதைத்தான் சொன்னார். ஆனால் அந்த வார்த்தை அந்த ஒரு மாலையோடு முடியுமா என்று இன்றும் யோசிக்கிறேன்.

மாம்பலத்தான்:
டீச்சர், அப்படின்னா அது அநியாயம் இல்லையா? நான் சொத்து வரி கட்டறேன். ஓட்டுப் போட்ட தெருவுக்குத்தான் வடிகாலா?

தேர்தல் பணி டீச்சர்:
அநியாயம்தான். ஆனால் நீங்கள் வீட்டில் இருப்பதால் அந்த அநியாயம் செய்பவருக்கு வேலை சுலபமாகிறது.

கண்ணகி நகர் தம்பி:
டீச்சர் கோச்சுக்காதீங்க. எங்க ஏரியா பக்கமெல்லாம் சிவந்துதான் கிடக்கும். ஆனா தண்ணி லாரி பின்னாடி இன்னும் குடம் தூக்கிட்டு ஓடறோமே. போட்டா கிடைக்கும்னு சொல்லாதீங்க. போட்டா கேக்கலாம், அவ்ளோதான். ஓட்டுக் கேட்டு வர்றவன் எங்க வாசல்ல நிக்கறப்ப எங்கம்மா குடத்தை நடுவுல வெச்சுட்டுப் பேசும். அந்தப் பேச்சுக்காகவாவது நாங்க போடறோம்.

மாம்பலத்தான்:
தம்பி சொல்றது புரியுது. ஆனா புறக்கணிப்பும் ஒரு பேச்சுதானே? பரந்தூர் விமான நிலையம் வேணாம்னு ஏகனாபுரம் ஜனங்க 2024-ல ஓட்டுப் போடாம இருந்தாங்க. நாடே திரும்பிப் பார்த்தது.

கொளத்தூர்க்காரி:
அவங்க ஊரே கூடி முடிவு பண்ணி, ஏன்னு முன்கூட்டியே சொல்லிட்டுச் செஞ்சாங்க சார். தினம் தினம் போராட்டம் நடத்தினவங்க. அந்த ஊர்ல ஓட்டு விழலைன்னா அர்த்தம் என்னன்னு கலெக்டருக்கும் தெரியும், கட்சிக்காரங்களுக்கும் தெரியும். நீங்க கதவைச் சாத்திட்டு உள்ள இருந்தா, உங்க கோபத்துக்கும் பக்கத்து வீட்டுக்காரர் மகாபலிபுரம் போனதுக்கும் பட்டியல்ல என்ன வித்தியாசம்?

நந்தனம் 35:
அப்ப நோட்டா போடலாமே?

தேர்தல் பணி டீச்சர்:
போடலாம், அது உங்கள் உரிமை. முன்பெல்லாம் 49-ஓ விதிப்படி, யாருக்கும் வாக்களிக்க விருப்பமில்லை என்று அலுவலரிடம் சொல்லிப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஏஜென்ட்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் பொத்தான் வந்தது. ஆனால் சட்டமன்றத் தேர்தலில் நோட்டாவே அதிகம் வாங்கினாலும், அடுத்து அதிகம் வாங்கிய வேட்பாளர்தான் ஜெயித்தவர். அது தெரிந்து போடுங்கள். குறைந்தபட்சம் உங்கள் பெயரின் மேல் கோடு விழும்.

மாம்பலத்தான்:
ரெண்டு நாளா பதில் போடல, மன்னிக்கணும். அந்தச் சிவப்புக் கோடு மனசுல ஓடிக்கிட்டே இருந்தது. நேத்து ராத்திரி பட்டியல்ல பேரு தேடினேன். நாங்க வீடு மாறி ரெண்டு வருஷம் ஆச்சு, இப்ப இருக்கறது மாடி வீடு. என் பேரு பழைய கதவு எண்ல அப்படியே இருக்கு. அதுக்குக் கீழயே அம்மா பேரு. அம்மா 2022 கடைசியில போயிட்டாங்க. ரொம்ப நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துட்டு இருந்தேன்.

டீச்சர், இதுக்கு என்ன பண்ணணும்?

தேர்தல் பணி டீச்சர்:
வீடு மாறியதற்குப் படிவம் 8. அம்மாவின் பெயரை நீக்கப் படிவம் 7, இறப்புச் சான்றிதழ் நகலோடு. ரெண்டையும் இணையத்திலேயே போடலாம், இல்லையென்றால் உங்கள் பகுதி பூத் லெவல் அலுவலரிடம் கொடுக்கலாம். அம்மா பெயர் அங்கேயே கிடந்தால் வேறு யாராவது அந்தப் பெயரில் வந்து நிற்க இடமுண்டு. அது மட்டும் வேண்டாம் சார்.

மாம்பலத்தான்:
8-ஐ இப்பவே போட்டுட்டேன். 7-ஐ அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போடறேன். யாருக்குப் போடறதுன்னு இன்னும் தெரியல. வாசலுக்கு வர்றவங்ககிட்ட கேக்கறதுக்கு அந்த மூணு செங்கலை எடுத்து வெச்சிருக்கேன்.