பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டப் படிப்பு: மோர்மன் சபையைச் சேராதவர்களின் அனுபவம் எப்படி?

பொருநைக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். திருநெல்வேலியில் இயந்திரப் பொறியியல் முடித்துவிட்டு, தற்போது கோவையில் பம்புகள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் வடிவமைப்புப் பிரிவில் பணிபுரிகிறேன். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் புரோவோ நகரிலுள்ள பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டப் படிப்புக்கு எனக்கு இடம் கிடைத்துள்ளது. கீலும் பேரிங்கும் இல்லாமல், தன் வளைவினாலேயே இயங்கும் உறுப்புகளைப் பற்றிய ஆய்வில் அப்பல்கலைக்கழகத்துக்கு உள்ள பெயர் இத்துறையினர் அனைவரும் அறிந்தது. காகித மடிப்புக் கலையின் அடிப்படையில் விண்கலத்தின் சூரியத் தகடுகளைச் சுருக்கி வைக்கும் முறையை நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தோடு சேர்ந்து ஆராய்ந்தவர்கள் அவர்கள். ஆகவே படிப்பின் தரத்தில் எனக்கு ஐயமில்லை.

என் தயக்கம் வேறு. இது மோர்மன்கள் என்று பொதுவாக அறியப்படும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்துவின் சபைக்குச் சொந்தமான பல்கலைக்கழகம். மது, புகையிலை மட்டுமல்லாமல் காபி, தேநீர்கூட அருந்தக் கூடாது, தாடி வைக்கக் கூடாது, ஆண்டுதோறும் ஒரு சமயத் தலைவரின் ஒப்புதல் பெற வேண்டும் என்றெல்லாம் விதிகள் இருப்பதாக அவர்களுடைய இணையதளத்திலேயே படித்தேன். நான் இந்து. மதம் மாற்றிவிடுவார்களோ என்று அம்மா அஞ்சுகிறார். சபை உறுப்பினர்களைவிட நமக்குக் கட்டணம் இரு மடங்கு என்பதே அப்பாவின் கவலை. அங்கோ, அதுபோன்ற வேறு சமயப் பல்கலைக்கழகங்களிலோ பட்டமேற்படிப்பு படித்தவர்கள் தங்கள் அனுபவத்தைப் பகிர்ந்தால் முடிவெடுக்க உதவியாக இருக்கும்.

வாசாட்ச் அடிவாரம்

தம்பி, முதலில் வாழ்த்துகள். நானும் அதே பொறியியல் கல்லூரியில் வேறொரு துறையில் முனைவர் பட்டம் முடிக்கும் நிலையில் இருக்கிறேன். சபையைச் சேர்ந்தவன் அல்லன். நீங்கள் காபியைப் பற்றியும் தாடியைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். புதிதாக வருபவர்கள் எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். ஆனால் உண்மையில் உட்கார்ந்து யோசிக்க வேண்டியது அந்த ஆண்டு ஒப்புதலைப் பற்றித்தான் என்பது என் கருத்து.

ஹானர் கோட் எனப்படும் நன்னடத்தை விதிகளுக்கு ஒவ்வொரு மாணவரும் கட்டுப்பட்டவர். அவற்றின்படி நடக்கிறார் என்று ஒரு சமயத் தலைவர் ஆண்டுக்கு ஒருமுறை உறுதி கூற வேண்டும். சபை உறுப்பினருக்கு, பிஷப் எனப்படும் அவருடைய உள்ளூர்ச் சபைத் தலைவர் இதைச் செய்வார். நம்மைப் போன்றவர்கள் தம் சமயத்தின் உள்ளூர்த் தலைவரிடமோ, தாம் வசிக்கும் பகுதியின் மோர்மன் பிஷப்பிடமோ, சாப்ளைன் எனப்படும் பல்கலைக்கழகச் சமய ஆலோசகரிடமோ பெறலாம். வாரந்தோறும் ஒரே ஆலயத்துக்குச் சென்று, அதன் உறுப்பினர் பதிவேட்டில் பெயர் கொண்டிருக்கும் கிறிஸ்தவருக்கு முதல் வழி இயல்பானது. நெல்லையப்பர் கோயில் குருக்களுக்கு என் கோத்திரம் தெரியும், நட்சத்திரம் தெரியும். நான் ஒழுங்காக இருக்கிறேனா என்று அவரிடம் யாராவது போய்க் கேட்டால் அவர் என்ன சொல்வார்? அதனால் நம்மவர்கள் பெரும்பாலும் சாப்ளைனிடமே செல்கிறார்கள். அந்தச் சந்திப்பில் உங்கள் நம்பிக்கையைப் பற்றி வாதம் எதுவும் எழாது. விதிகளைக் கடைப்பிடிக்கிறீர்களா என்பதே கேள்வி.

அதன் பின்விளைவுதான் முக்கியம். ஒப்புதல் இல்லையென்றால் அடுத்த பருவத்துக்குப் பதிவு செய்ய முடியாது. அமெரிக்க மாணவர் ஒருவருக்கு அது பெரிய சிக்கல்தான், என்றாலும் அவர் வீட்டுக்குப் போய் வேறு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம். எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் இருப்பவருக்கோ முழுநேர மாணவராகப் பதிவு செய்திருப்பதுதான் நாட்டில் தங்குவதற்கான அடிப்படையே. மற்ற பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் உங்கள் சொந்த வாழ்க்கையும் விசாவும் இவ்வளவு நெருக்கமாகப் பிணைந்திருப்பதில்லை. இந்த விதிகள் வளாகத்துக்கு வெளியிலும், விடுமுறையிலும் பொருந்தும் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். ஊருக்கு வந்து அம்மா ஆற்றிக் கொடுக்கும் டிகிரி காபியைக் குடித்தாலும் விதிப்படி அது மீறலே. யாரும் வந்து பார்க்கப் போவதில்லை. ஆனால் அடுத்த நேர்காணலில் கேட்கும்போது உண்மையைச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். பொய் சொல்லிச் சமாளிக்கலாம் என்ற எண்ணத்தோடு இங்கே வருவது வேண்டாத வேலை.

அன்றாட வாழ்க்கை நீங்கள் அஞ்சும் அளவுக்கு இறுக்கமானதன்று. 1833-இல் கடவுள் அறிவித்ததாகச் சபையினர் நம்பும் உடல்நல நெறியில் சூடான பானங்கள் என்று சொல்லப்பட்டதற்கு, காபியும் தேயிலையில் போட்ட தேநீரும் என்று சபை பொருள் கொள்கிறது. மூலிகைப் பானங்களுக்குத் தடையில்லை. காபித்தூள் சேர்க்காத சுக்குமல்லியை நான் குளிர்காலம் முழுவதும் ஃபிளாஸ்கில் கொண்டுபோகிறேன். ஆய்வகத்தில் பாதிப்பேருக்கு இப்போது அது பழகிவிட்டது. கஃபைன் உள்ள குளிர்பானங்களை 2017 முதல் வளாகத்திலேயே விற்கிறார்கள். மற்ற அமெரிக்கத் துறைகளில் காபி இயந்திரம் நிற்கும் இடத்தில் இங்கே குளிர்சாதனப் பெட்டி நிற்கும், அதில் பல்கலைக்கழகப் பால்பண்ணையின் சாக்லேட் பால் இருக்கும். மீசை வைக்கலாம், ஒழுங்காகக் கத்தரித்திருக்க வேண்டும். அய்யனார் மீசைக்கு இடமில்லை.

படிப்பைப் பொறுத்தவரை இது இளநிலை மாணவர்களை மையமாகக் கொண்ட பல்கலைக்கழகம். ஏறத்தாழ 35,000 மாணவர்களில் பட்டமேற்படிப்பில் இருப்பவர்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பேராசிரியரைப் பார்க்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை என்பது இதன் நன்மை. தேர்ந்தெடுக்கக் கிடைக்கும் மேல்நிலைப் பாடங்கள் குறைவு, உங்களோடு சேரும் முனைவர் பட்ட மாணவர்களும் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே என்பது குறை. ஆய்வகத்தில் இளநிலை மாணவர்கள் நிறையப் பேர் வேலை செய்வார்கள்; அவர்களை வழிநடத்தும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். பின்னாளில் ஆசிரியப் பணிக்குப் போக விரும்பினால் அது நல்ல பயிற்சி.

ஈரோட்டுக்காரன்

நான் அந்தச் சபையின் உறுப்பினன்; அதே பல்கலைக்கழகத்தில் கணக்கியலில் முதுகலைப் பட்டம் பெற்றவன். எனவே என் சொற்களைச் சற்றுத் தள்ளுபடி செய்தே படியுங்கள்.

கட்டண வேறுபாட்டைப் பாகுபாடு என்று பலர் எண்ணுகிறார்கள். உறுப்பினர்கள் தங்கள் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தசமபாகமாகச் சபைக்குக் கொடுக்கிறார்கள். பல்கலைக்கழகச் செலவின் பெரும்பகுதியை ஈடுகட்டுவது அந்தப் பணமே. வேறு மாநிலத்தவரிடம் அரசுப் பல்கலைக்கழகங்கள் கூடுதலாக வாங்குவதும் இந்தக் கணக்கில்தான். இரு மடங்கு கொடுத்தாலும் மற்ற தனியார் பல்கலைக்கழகங்களின் கட்டணத்தைவிட இது மிகக் குறைவு என்பதை உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள்.

அம்மாவின் அச்சத்துக்கு வருவோம். அழைப்புகள் வரும், அதை மறைக்க மாட்டேன். ஞாயிறு ஆராதனைக்கும் திங்கள்கிழமை இரவுக் கூடுகைக்கும் அறை நண்பர்கள் கூப்பிடுவார்கள். மிஷனரியாகப் பணியாற்றித் திரும்பிய இளைஞர்கள் நிறைந்த ஊரில் இது இயல்பு. விருப்பமில்லை என்று ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட்டால் பெரும்பாலானோர் அதை மதிப்பார்கள். நம் வழக்கப்படி, பார்க்கலாம், அப்புறம் வருகிறேன் என்று மழுப்பினால் அதை ஆர்வம் என்றே எடுத்துக்கொள்வார்கள். இளநிலை மாணவர்களுக்குச் சமயப் பாடங்கள் கட்டாயம். பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கு அப்படியன்று. ஆனாலும் சில வகுப்புகள் ஜெபத்துடன் தொடங்கும். தலைகுனிந்து அமைதியாக இருந்தால் போதும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கட்டணம் பாதியாகும் என்பதற்காக ஞானஸ்நானம் எடுக்கும் எண்ணம் விளையாட்டாகக்கூட வர வேண்டாம். சபையில் சேராத இந்துவாக நீங்கள் அங்கே தாராளமாகப் படிக்கலாம். சேர்ந்துவிட்டுப் பிறகு சபையை விட்டு விலகினால் ஒப்புதல் போய்விடும். படிப்பும் அதோடு நின்றுவிடும். மேலே அண்ணன் சொன்ன விசாச் சிக்கல் அப்படிப்பட்டவருக்குத்தான் முழு வேகத்தில் வரும்.

கல்வெட்டு வாசகி

பொறியியலைப் பற்றி மட்டுமே பேசுவதால் ஒரு பக்கம் விடுபடுகிறது. நான் வேறொரு சமயப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றில் முனைவர் பட்டம் செய்தேன், பெயர் வேண்டாம். அங்கே என் ஆய்வுத் தலைப்பு நிறுவனத்தின் சொந்த வரலாற்றைத் தொட்டபோது, யாரும் வேண்டாம் என்று எழுத்தில் சொல்லவில்லை. ஆனால் ஆவணக் காப்பகத்துக்கான அனுமதி மட்டும் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர்ந்துகொண்டே இருந்தது. கடைசியில் தலைப்பை மாற்றிக்கொண்டேன். வளையும் உலோகத் தகடு யாருடைய நம்பிக்கையையும் தொடாது. வரலாறு, சமூகவியல், பாலினம் பற்றிய ஆய்வுகள் தொடும். பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொண்டால், கல்விச் சுதந்திரம் தொடர்பாக அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம் 1998-இல் அதன் நிர்வாகத்தின் மீது கண்டனம் நிறைவேற்றியது பதிவான செய்தி. ஆகவே இந்த இழையைப் படிக்கும் கலைத்துறை மாணவர்கள் பொறியாளர்களின் நல்ல அனுபவத்தைத் தமக்கும் பொருந்துவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பெண்களும் தன்பாலீர்ப்பு கொண்டவர்களும் விதிகளை வரிக்கு வரி படித்துவிட்டே கையெழுத்திட வேண்டும். தன்பாலினத்தவரிடையே காதல் சார்ந்த நடத்தை குறித்த பகுதி 2020-இல் விதிகளிலிருந்து நீக்கப்பட்டு, சில வாரங்களிலேயே, அது முன்போலவே ஏற்கத்தக்கதன்று என்ற விளக்கம் வந்தது. 2023-இல் விதிகளுக்குள்ளேயே மீண்டும் எழுதப்பட்டுவிட்டது. பாலியல் வன்முறைக்கு உள்ளானவர் புகார் கொடுத்தால், அவரே நன்னடத்தை விதிகளை மீறினாரா என்று விசாரிக்கப்படும் நிலை முன்பு இருந்தது. மாணவிகளின் கடும் எதிர்ப்புக்குப் பிறகு, 2016-இல் புகார் கொடுப்பவருக்குப் பாதுகாப்பு அளிக்கும் விதி அறிவிக்கப்பட்டது. இது நல்ல மாற்றம்தான். அந்த எதிர்ப்பு தந்த அழுத்தமே அதைக் கொண்டுவந்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

புனித யோசேப்பு ஆற்றங்கரை

சமயப் பல்கலைக்கழகம் என்றாலே இப்படித்தான் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காகச் சுருக்கமாக எழுதுகிறேன். இந்தியானா மாநிலத்திலுள்ள நோட்ரே டேமில் நான் வேதிப் பொறியியல் படிக்கிறேன். திருச்சிலுவை சபைத் துறவியர் 1842-இல் நிறுவிய கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் இது. வகுப்பறைச் சுவர்களில் பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் அறையுண்ட இயேசுவின் உருவம்) உண்டு, விடுதிகளில் திருப்பலி உண்டு. ஆனால் பட்டமேற்படிப்பு மாணவரின் நம்பிக்கையைக் கேட்பவரும் இல்லை, சமயத் தலைவரின் ஒப்புதலும் இல்லை, காபிக்குத் தடையும் இல்லை. ஒவ்வொரு நிறுவனத்தின் விதிகளையும் தனித்தனியே படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பொருநைக்கரை

விரிவாக எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அண்ணனிடம் இன்னும் இரண்டு சந்தேகங்கள். கல்விக் கட்டணம் தள்ளுபடி என்று சேர்க்கைக் கடிதத்தில் இருக்கிறது, தொகை குறிப்பிடப்படவில்லை. இதைப் பற்றி யாரிடம் கேட்பது? இரண்டாவது, நான் ஆண்டுதோறும் கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போடுபவன். அந்த நாட்களில் தாடியை எடுக்க மாட்டோம். இதற்கு விலக்கு கிடைக்குமா? மாதம் ஒருமுறையாவது கோயிலுக்குப் போக வழியுண்டா?

வாசாட்ச் அடிவாரம்

கட்டணத்தை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். தள்ளுபடி என்பது உறுப்பினர் கட்டணத்தின் அளவுக்கா, உறுப்பினர் அல்லாதவரின் முழுக் கட்டணத்துக்கா என்று துறையின் பட்டமேற்படிப்பு ஒருங்கிணைப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பதிலை எழுத்தில் பெறுங்கள். முன்னதுதான் என்றால் மீதிப் பாதியை நீங்கள் கட்ட வேண்டிவரும். அந்த வேறுபாடு உங்கள் உதவித்தொகையைக் கணிசமாகத் தின்றுவிடும். எத்தனை ஆண்டுகளுக்கு அந்த உறுதி என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள். உங்களுக்கான உதவித்தொகை ஆய்வுத் திட்ட நிதியிலிருந்து வருகிறதா, துறையிலிருந்தா என்று உங்கள் வழிகாட்டியிடம் கேட்பதில் தவறேதும் இல்லை.

தாடிக்கு மருத்துவக் காரணம், சமயக் காரணம், நாடக நடிப்பு ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. விலக்குப் பெற்றவர்களுக்கு ஓர் அட்டை தருவார்கள். சமய விலக்குக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். ஆண்டு முழுவதும் தாடி வைப்பதைச் சமயக் கடமையாகக் கொண்டவர்களின் விண்ணப்பம் பல்கலைக்கழகத்துக்குப் பழக்கமானது. ஒரு மண்டல விரதம் என்பதை நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். கிடைத்த இடத்தை ஏற்றுக்கொள்வதற்கு முன்பே சாப்ளைனுக்கு எழுதிக் கேளுங்கள். ஒப்புதல் நேர்காணலுக்கும் அவரையே பார்க்கப் போகிறீர்கள் என்பதால் அறிமுகமும் ஆகிவிடும். கிடைக்கும் என்று நம்பி வந்துவிட்டு இங்கே மன்றாடாதீர்கள்.

கோயிலுக்குக் குறையில்லை. தெற்கே ஸ்பானிஷ் ஃபோர்க்கில் ராதா கிருஷ்ணர் கோயில் இருக்கிறது. ஹோலிக்கு அங்கே கூடும் பெருங்கூட்டத்தில் நம் பல்கலைக்கழக மாணவர்கள் ஏராளம், மது இல்லாத கொண்டாட்டம் என்பதால் அவர்களுக்கு அது மிகவும் பிடிக்கும். வடக்கே சவுத் ஜோர்டனில் பிள்ளையார் கோயில் இருக்கிறது. புரோவோவிலிருந்து ஃபிரன்ட்ரன்னர் ரயிலில் போகலாம், ஆனால் ஞாயிற்றுக்கிழமை அந்த ரயில் ஓடாது. ஞாயிறன்று ஊரில் பல கடைகளும் அடைத்துத்தான் கிடக்கும். காய்கறி, பால் எல்லாவற்றையும் சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள். கோயிலையும் சனிக்கிழமைக்கே வைத்துக்கொள்ளுங்கள்.